கடை அடைத்த வாரத்தில் ஆயாவின் வால்வு ரேடியோ

மற்ற ஊர்க்காரர்கள் பாக்சிங் டே என்று சொல்லும் டிசம்பர் 26-க்குத் தென்னாப்பிரிக்காவில் நல்லெண்ண நாள் என்று பெயர். அரசு விடுமுறை. அன்று காலை பத்தரை மணிக்கு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கராஜுக்குள் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, என் மனைவி சுட்ட அச்சுமுறுக்கைக் காலி செய்துகொண்டிருந்தோம். யாருக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன கிடைத்தது என்று கணக்கெடுப்பு நடந்தது. மூன்று பேருக்குச் சாக்ஸ், ஒருவருக்கு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் கிடைத்தவர் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். எதையாவது அளக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

எங்கள் கூட்டத்துக்குப் பெயரெல்லாம் கிடையாது. சனிக்கிழமைகளில் கூடுவோம். பொம்மை ரயில் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், பழைய கேமரா பிரித்து மாட்டும் தம்பி ஒருவன், மல்டிமீட்டர்க்காரர், எல்லாவற்றுக்கும் "வேண்டாம், ஷாக் அடிக்கும்" என்று சொல்லும் மாமா, அப்புறம் பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நான். கராஜ் ரயில் அண்ணனுடையது. ரேடியோ அவருடைய ஆயாவுடையது. எங்கள் ஊரில் ஆச்சி என்போம், இங்கே ஆயா. இந்த ஒரு சொல் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஊரில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா.

அந்தப் பெட்டியை 1950-களின் கடைசியில் ஆயாவின் கணவர் வாங்கினாராம். அப்போது அவர்கள் குடியிருந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த இந்தியர்களுக்கான குடியிருப்பு அது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1960-களில் அங்கிருந்தவர்களை சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபோது, லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த சாமான் இது ஒன்றுதான் என்று ஆயா சொன்னார். கண்ணாடி டயலில் ஸ்பிரிங்பாக் என்றும் எல்.எம். என்றும் அந்தக் கால வானொலி நிலையங்களின் பெயர்கள். எல்.எம். என்பது லொரென்சோ மார்க்கெஸ், இன்றைய மாபுட்டோ. கடைசியாக எப்போது பாடியது என்று கேட்டோம். "தாத்தா இருந்தப்ப" என்றார். எந்த வருஷம் என்று திரும்பக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

பழைய வால்வு ரேடியோவைக் கண்டதும் பிளக்கில் சொருகிப் பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். சொருகக் கூடாது. அதுவும் இது டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ரகம். மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேசிஸில், அதாவது உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் உலோகத் தகட்டில், போய் உட்காரும். தாத்தா காலத்து இரண்டு முள் பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் போகும். ஆகவே பாதி நேரம் சேசிஸில் நியூட்ரல், மீதி நேரம் 230 வோல்ட். பேக்கலைட் பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் மட்டுமே நம்மைக் காப்பாற்றும். குமிழை இறுக்கும் சின்னத் திருகாணியின் துளையில் மெழுகு அடைத்திருந்தது. அழுக்கு என்று நினைத்துக் கேமராத் தம்பி குண்டூசியால் தோண்டப் போனான். மாமா அவன் கையிலேயே ஒன்று போட்டார். அந்தத் திருகாணி தொட்டுக்கொண்டிருப்பது குமிழ் மாட்டும் உலோகத் தண்டை, தண்டு தொட்டுக்கொண்டிருப்பது சேசிஸை. மெழுகு அழுக்கில்லை, காப்பு.

பின்பக்க அட்டையைக் கழற்றினால் பல்லி எலும்புக்கூடு ஒன்று, கரப்பான் முட்டை ஏராளம், நான்கு வால்வுகள்: யு.சி.எச். 81, யு.பி.எஃப். 89, யு.சி.எல். 82, யு.ஒய். 85. பெயரின் முதல் எழுத்து யு என்றால், வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டர் 100 மில்லியாம்பியரில் ஓடும் ஜாதி. எல்லா ஹீட்டரும் ஒரே வரிசையில் தொடராக இருக்கும். ரயில் அண்ணனின் மகளுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெடவில்லை. வாசலில் தீபாவளிக்கு மாட்டிய சீரியல் செட் கிறிஸ்துமஸ் தாண்டியும் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். இரண்டு பண்டிகைக்கும் ஒரே ஏணி. பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தமும் இருட்டு. ரேடியோவும் அதேதான்.

மல்டிமீட்டர்க்காரருக்கு நல்ல நேரம் பிறந்தது. வரிசையின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்தார்: ஓப்பன், எங்கோ அறுந்திருக்கிறது. வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நான்காவது ஐந்தாவது கால்களை அளந்தார்: நான்கு ஹீட்டரும் உயிரோடு இருந்தன. அப்பாடா. போயிருந்தது வோல்டேஜ் குறைக்கும் டிராப்பர், பீங்கான் குழாயில் கம்பி சுற்றிய ரெசிஸ்டன்ஸ். கம்பி ஒரு முனையில் துருப்பிடித்து அறுந்திருந்தது. கடல் காற்று இந்த ஊரில் எதையும் விடாது.

கணக்குப் போட்டோம். ஹீட்டர்கள் 19, 19, 50, 38. மொத்தம் 126 வோல்ட். வீட்டில் வருவது 230. மிச்சம் 104 வோல்ட்டை 100 மில்லியாம்பியரில் விழுங்க 1040 ஓம் வேண்டும், பத்து வாட்டுக்கு மேல் சூடு கக்கும். அப்படி ஒரு ரெசிஸ்டன்ஸ் எங்கே கிடைக்கும்? டிசம்பர் பாதியில் அடைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் ஜனவரியில்தான் திறக்கும். கட்டட வேலைக்காரர் முதல் கம்பெனிக்காரர் வரை இந்த நாடே அந்த மூன்று வாரம் கடற்கரையில் கிடக்கும். ஆயாவோ புது வருஷத்துக்குப் பாட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் மாமா முதல் முறையாக "வேண்டாம்" சொல்லாமல் ஒரு யோசனை சொன்னார். ரெசிஸ்டன்ஸுக்குப் பதில் கன்டென்சர் போட்டால் என்ன? மாறுமின்சாரத்தில் கன்டென்சரும் தடுக்கும், ஆனால் சூடாகாது. கணக்கு கொஞ்சம் மாறும். இங்கே 230-இலிருந்து 126-ஐ நேராகக் கழிக்க முடியாது, இரண்டின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 192 வோல்ட் வந்தது. 50 ஹெர்ட்ஸில் அதற்கு 1.65 மைக்ரோஃபாரட். இந்த அளவில், மெயின்ஸில் விடாமல் நிற்கிற கன்டென்சர் எதில் இருக்கும்? ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தோம். கராஜ் மூலையில் இறக்கைகள் வளைந்த பழைய சீலிங் ஃபேன் ஒன்று சாய்ந்து நின்றது.

ஃபேன் கன்டென்சர் 1.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏ.சி. கணக்குப்படி 93 மில்லியாம்பியர் போகும், ஏழு சதவீதம் குறைவு. வால்வுக்கு அது ஒன்றும் மோசமில்லை, கொஞ்சம் சோம்பலாக எழுந்திருக்கும், அவ்வளவுதான். ஹீட்டர்கள் குளிர்ந்திருக்கும்போது வழக்கமாகப் பாயும் அதிக கரன்டையும் கன்டென்சர் 108-க்கு மேல் போக விடாது. அதனோடு தொடராக 100 ஓம் ஒன்று, ஸ்விட்ச் போடும் நொடியில் அடிக்கும் உதைக்காக. குறுக்காக 470 கிலோஓம் ஒன்று, பிளக்கைப் பிடுங்கிய பிறகு கன்டென்சரில் மிச்சம் இருப்பது வடிந்து போவதற்காக. இந்த இரண்டும் இல்லாமல் சிலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பிளக் முள்ளைத் தொட்டு ஒருநாள் பாடம் படிப்பார்கள்.

27-ஆம் தேதி முழுக்க பேப்பர் கன்டென்சர்களோடு போனது. அந்தக் காலத்தில் காகிதத்தையும் தகட்டையும் சுருட்டி மெழுகில் முக்கி எடுத்தார்கள். டர்பன் ஈரக்காற்றில் அறுபது வருஷம் கிடந்தால் மெழுகு என்ன செய்யும்? எல்லாம் கசியும். அதில் விடவே கூடாத ஒன்று உண்டு: யு.சி.எல். 82 ஒரே குழாயில் இரண்டு வால்வு; அதன் டிரையோடு பாதியிலிருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடு பாதியின் கிரிடுக்கு (கரன்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) போகும் 10 நானோஃபாரட் கன்டென்சர். அந்தப் பக்கம் சுமார் 100 வோல்ட். இந்தப் பக்கம் கிரிடிலிருந்து தரைக்கு 1 மெகாஓம். கன்டென்சர் 10 மெகாஓம் அளவுக்குக் கசிந்தாலே கிரிடில் 9 வோல்ட் பாசிட்டிவ் ஏறிவிடும். பூஜ்யமாக இருக்கவேண்டிய இடம் அது. வால்வு கண்மண் தெரியாமல் கரன்ட் இழுத்துச் செத்துப்போகும், போகும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். மற்ற கன்டென்சர்கள் கசிந்தால் ரேடியோ சரியாகப் பாடாது; இது கசிந்தால் ரேடியோவே இருக்காது.

புதியவற்றுக்கு எங்கே போவது? சி.எஃப்.எல். பல்புக்குள். எல்.ஈ.டி. வந்த பிறகு எல்லார் வீட்டு அலமாரியிலும் நாலைந்து செத்த சி.எஃப்.எல். கிடக்கும். தெருவில் ஐந்து வீடு ஏறி இறங்கிப் பதினொன்று சேர்த்தோம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளுக்கு மறுநாள் ஒருவன் கதவைத் தட்டி "ஃபியூஸ் போன பல்பு இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? ஒரு வீட்டில் பல்போடு ஒரு கிண்ணம் டிரைஃபிள் இனிப்பும் கொடுத்து அனுப்பினார்கள். பாவம், பையனுக்கு வேலை போய்விட்டது போல என்று நினைத்திருக்கலாம்.

பல்பைக் கண்ணாடியைப் பிடித்துத் திருகக் கூடாது. உடைந்தால் உள்ளே இருக்கும் பாதரசம் வெளியே வரும். சில மில்லிகிராம்தான், ஆனாலும் மூடிய கராஜில் எதற்கு? பிளாஸ்டிக் அடிப்பாகத்தின் இடுக்கில் தட்டையான ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பினால் தானாகப் பிரியும். உள்ளே வட்டமான சின்ன போர்டு, அதில் 400 வோல்ட் எலெக்ட்ரோலிடிக் ஒன்று, பாலியெஸ்டர் கன்டென்சர் இரண்டு மூன்று. 22 நானோவும் 47 நானோவும் தாராளமாகக் கிடைத்தன. 10-க்குப் பதில் 22 போட்டாலும் பாட்டில் காதுக்குத் தெரிகிற மாற்றம் இருக்காது. ஆயா மறுப்புச் சொல்லப் போவதில்லை. கண்ணாடிக் குழாய்களை அப்படியே ஒரு பெட்டியில் போட்டு சூப்பர் மார்க்கெட்டின் மறுசுழற்சித் தொட்டியில் சேர்த்துவிட்டோம்.

மெயின்ஸுக்குக் குறுக்கே வரும் கன்டென்சருக்கும் ஏரியல் துளைக்கு வரும் கன்டென்சருக்கும் இந்தப் பல்புச் சரக்கு உதவாது. அந்த இடங்களில் எக்ஸ், ஒய் என்று பாதுகாப்பு வகுப்பு அச்சிட்டவைதான் போட வேண்டும். ஏரியல் கன்டென்சர் ஷார்ட் ஆனால் ஜன்னலில் தொங்கும் ஏரியல் கம்பியே 230 வோல்ட். செத்த கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்றிலிருந்து இரண்டு வகையும் கிடைத்தன. பெரிய எலெக்ட்ரோலிடிக்குகள் இரண்டு பிரிண்டர் அடாப்டர்களிலிருந்து: 47 மைக்ரோ, 400 வோல்ட். 230-ஐ நேரடியாக டி.சி. ஆக்கினால் உச்சம் 325 போகும், ஆகவே 350-க்குக் கீழே எதையும் எடுக்காதீர்கள். கழற்றி எடுத்த எலெக்ட்ரோலிடிக் நிரந்தரமில்லை என்று எனக்கும் தெரியும். கடை திறந்ததும் அவை இரண்டையும் மாற்றிவிட்டேன்.

28-ஆம் தேதி காலையில் குரங்கு வந்தது.

டர்பனில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். கறுத்த மூஞ்சி, சாம்பல் உடம்பு, வெர்வெட் என்று பெயர். திறந்த ஜன்னலை இவை அழைப்பிதழாக எடுத்துக்கொள்ளும். லிச்சிப் பழக் காலம் வேறு. வாங்கி வந்த இரண்டு கிலோவை மேசையில் வைத்திருந்தோம். பக்கத்தில் ஒரு பிரெட் பை. அதற்குள் பிரெட் இல்லை. கழற்றிய குமிழ்கள் தொலையக் கூடாதென்று நான்தான் அதில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தேன். கூட்டத் தலைவன் ஒரு கையில் லிச்சிக் கொத்து, மறு கையில் பிரெட் பையோடு கூரைக்குப் போய்விட்டான். மேலே உட்கார்ந்து பையைக் கிழித்து, ஒரு குமிழை எடுத்துக் கடித்துப் பார்த்தான். எங்களை ஒரு பார்வை பார்த்தான். இவ்வளவு கேவலமான பிரெட்டை அவன் வாழ்நாளில் தின்றதில்லை என்று அந்தப் பார்வையிலேயே புரிந்தது. மூன்று குமிழை எறிந்தான், கிடைத்தன. நான்காவதை வைத்துக்கொண்டான்.

நான்காவதை வார்த்தோம். சமையலறை ஜன்னல் ஓரம் அடைக்கிற சிலிகான் பேஸ்டோடு கார்ன்ஃப்ளாரைச் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல வரும், கையில் ஒட்டாது, சீக்கிரம் இறுகும். கஸ்டர்டுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த கார்ன்ஃப்ளாரை அண்ணி தந்தார். மிஞ்சிய குமிழ் ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, அதைச் சுற்றி மாவை அமுக்கி அச்சு எடுத்தோம். அதற்குள் எபாக்சி, நிறத்துக்குக் கொஞ்சம் காப்பித்தூள். முதல் வார்ப்பில் காற்றுக் குமிழி நிறைய, இட்லி மாதிரி இருந்தது. இரண்டாவது தேறியது. திருகாணி வைக்காமல் அழுத்திச் சொருகுகிற மாதிரி செய்தோம், ஆகவே உலோகமே வெளியே தெரியாது. பழைய மூன்றையும்விட இதுதான் பத்திரம். பக்கத்தில் போனால் லேசாகக் காப்பி வாசனையும் வரும்.

அன்று மாலை முதல் முறை கரன்ட் கொடுத்தோம், நேராக இல்லை, தொடரில் ஒரு பல்பு வைத்து. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ரேடியோ பிழைக்கும். இந்த வேலைக்கு எல்.ஈ.டி. ஆகாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் இல்லை. கடைசியில் தோட்டத்து ஹாலஜன் ஃபிளட் லைட்டைக் கழற்றி வந்தோம், 150 வாட். அது ஒரு கணம் சிவந்து மங்கியது. நல்ல சகுனம். வால்வுகளின் கழுத்தில் மெதுவாக ஆரஞ்சு நிறம் ஏறியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கேமராத் தம்பி, மின் அலையைத் திரையில் காட்டும் தன் ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அன்போடு சேசிஸில் மாட்டினான்.

டப். வீடே இருட்டு. மாடியிலிருந்து மூன்று குரல்கள் ஒரே நேரத்தில்: "லோட் ஷெடிங்!" இந்த நாட்டில் 2008-லிருந்து வந்த பழக்கம், விளக்கு அணைந்தால் வாய் தானாக அதைத்தான் சொல்லும். லோட் ஷெடிங் இல்லை, டி.பி. பெட்டியில் எர்த் லீக்கேஜ் விழுந்திருந்தது. 30 மில்லியாம்பியர் தரைக்குக் கசிந்தாலே விழுந்துவிடும் ஸ்விட்ச் அது. பிளக் திரும்பியிருந்ததால் சேசிஸில் ஃபேஸ் இருந்திருக்கிறது, தம்பி அதை நேராக எர்த்தோடு சேர்த்துவிட்டான். ஸ்கோப் பிழைத்தது. தம்பி அரைமணி நேரம் பேசவில்லை. மாமா மட்டும் "நான் என்ன சொன்னேன்?" என்று எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டார்.

மறுநாள் இதற்கு ஒரு வழி செய்தோம். சமையலறைக் கூரையில் முன்பு இருந்த 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகளின் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 50 வி.ஏ. இரண்டின் 12 வோல்ட் பக்கங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்தால், முதலாவதில் 230 போய் 12 ஆகி, இரண்டாவதில் திரும்ப ஏறி வெளியே வரும். எங்களுக்கு 203 வந்தது. வழியில் கொஞ்சம் இழப்பு இருக்கும். ஆனால் அந்த 203-க்கும் தரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இப்போது ஸ்கோப் கிளிப்பை மாட்டினால் ஒன்றும் ஆகாது. தம்பியைக் கொண்டே மாட்டச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினான்.

வால்வுகளுக்குப் போகும் உயர் டி.சி. 172 வோல்ட். பென்டோடு கிரிடில் பூஜ்யம். ஸ்பீக்கரில் லேசான உறுமல். வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு, அதில் காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு. ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டன்ஸ் 1.6 காட்டியது, மாற்றினோம். டயல் நூல் அறுந்திருந்தது. தூண்டில் நூலால் கட்டினோம். அது வழுக்கிக்கொண்டே இருந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

31-ஆம் தேதி இரவு, நேர் மெயின்ஸில். நியூட்ரல் சேசிஸுக்கு வரும்படி மூன்று முள் பிளக் மாட்டியிருந்தோம். நம்மூர் பவர் பிளக்கேதான், அதே தடித்த உருண்டை முள். வீட்டு சாக்கெட்டில் ஃபேஸ் சரியான பக்கம் இருக்கிறதா என்று மல்டிமீட்டர்க்காரர் மூன்று தடவை பார்த்தார். ஸ்பிரிங்பாக் என்று எழுதிய இடத்தில் முள்ளை வைத்தோம். ஒன்றும் இல்லை. 1950-இல் தொடங்கிய ஸ்பிரிங்பாக் ரேடியோ நின்றதே 1985-இல், இதே டிசம்பர் 31-இல்தான். மற்ற இடமெல்லாம் இரைச்சல்: பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர், எல்.ஈ.டி. விளக்குகள், சார்ஜர்கள். டி.பி. பெட்டியில் விளக்குகளின் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தோம். இரைச்சல் பாதியானது. எங்கோ தூரத்தில் ஏறி இறங்கிக்கொண்டு ஒரு போர்ச்சுகீசியக் குரல். மொசாம்பிக் பக்கமாக இருக்கலாம். ஐந்து பேரும் ஆடாமல் கேட்டோம், ஒரு வார்த்தைகூடப் புரியாமல்.

ஆயா இரண்டு நிமிஷம் பொறுத்தார். "இதுல லோட்டஸ் வருமா?"

லோட்டஸ் எஃப்.எம். இங்கே இந்தியர்களுக்கான வானொலி. அது எப்படி வரும்? இந்தப் பெட்டியில் மீடியம் வேவும் ஷார்ட் வேவும் மட்டும்தான். ஆனால் முதுகில் கிராமஃபோன் படம் போட்ட இரண்டு துளைகள் உண்டு. தாத்தா ஒருநாளும் அதில் எதையும் மாட்டியதில்லை. ஃபோனை ஒயரால் மாட்டினால் ஃபோனும் சேசிஸோடு சேர்ந்துவிடும், அது ஆகாது. ரயில் அண்ணன் தன் ரயில் பெட்டியிலிருந்து ஒரு புளூடூத் போர்டைக் கழற்றினார். மூன்று ரீசார்ஜ் செல்லோடு, இடது வலது ஒலிகளை இரண்டு 1 கிலோஓம் வழியாகச் சேர்த்து, மொத்தத்தையும் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினோம். பேக்கலைட் புளூடூத்தைத் தடுக்காது. செல் மாற்ற வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதினோம். சார்ஜர் துளையை மாமா எபாக்சி ஊற்றி அடைத்தார், காப்பித்தூள் கலக்காமல்.

பதினொன்றேகாலுக்கு அண்ணனின் ஃபோனிலிருந்து லோட்டஸ் வந்தது. வால்வு வழியாக, எட்டங்குல ஸ்பீக்கரில். ஆயா பெட்டியின் மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார். "இப்பதான் சரி" என்றார். அப்புறம் ஒவ்வொரு குமிழாகத் தடவி வந்தவர் நான்காவதில் நின்று, விரலை மூக்கருகே கொண்டுபோய், "இது யாரு காப்பி குடிச்ச கையால தொட்டது?" என்று கேட்டார். எல்லாரும் மாமாவைக் காட்டினோம்.

ஜனவரி இரண்டாவது வாரம் பெரிய மழை. கராஜ் கூரையின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று அண்ணன் ஃபோன் செய்தார். குமிழ் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நால்வரும் ஓடினோம். ஏணி போட்டுக் கையை விட்டார். லிச்சிக் கொட்டை, இரண்டு கைப்பிடி.